வேலைக்கு ஒரு மடக்குக் கத்தி: வாய், பதம், எஃகு, பூட்டு

சந்தூரில் மாங்கன்று ஒட்டுக் கட்டுகிறவருக்கு வேண்டிய கத்தி வேறு. ஓசூர் சிப்காட்டில் நாள் முழுக்க அட்டைப்பெட்டி பிரிக்கிறவருக்கு வேண்டியது வேறு. பாலக்கோட்டுப் பக்கம் தக்காளிக்குச் சொட்டுநீர்க் குழாய் இழுக்கிறவருக்கு வேண்டியது இன்னொன்று. ஆனால் மூவரும் கடையில் கேட்பது ஒரே கேள்வி: "நல்ல ஸ்டீலா?" அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. வாய், அதாவது வெட்டும் விளிம்பு, எவ்வளவு மெல்லிசு என்பது முதல் கேள்வி. பதம், அதாவது காய்ச்சித் தோய்த்து, மறுபடி மிதமாகச் சூடேற்றி எஃகுக்குத் தரும் கடினமும் உறுதியும், சரியாக ஏறியிருக்கிறதா என்பது இரண்டாவது. பதம் கெட்ட விலையுயர்ந்த எஃகை, பதம் ஒழுங்காக ஏறிய சாதாரண எஃகு எந்த வேலையிலும் தோற்கடித்துவிடும்.

வேலையைப் பார்த்து வடிவம்

சட்டைப் பைக்கோ இடுப்புக்கோ ஏற்ற கத்திக்கு அலகு (பிளேடு) நீளம் 7 முதல் 9 செ.மீ. போதும். முதுகுத் தடிமன் 2 முதல் 2.5 மி.மீ. இருக்கட்டும். 3.5, 4 மி.மீ. தடிமனில் வருபவை கையில் கனமாக, உறுதியாகத் தெரியும். ஆனால் அவை வெட்டுவதில்லை, ஆப்பு மாதிரிப் பிளக்கின்றன. வெர்னியர் அளவுகோல் கிடைத்தால், வாயில் தீட்டுச் சரிவு தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே அளந்து பாருங்கள். 0.3 முதல் 0.5 மி.மீ. என்றால் நல்ல கத்தி. 0.8-ஐத் தாண்டினால் எவ்வளவு தீட்டினாலும் அட்டையில் பாதி வழியில் சிக்கும்.

ஒட்டுக் கட்டும் வேலையில் இது கண்ணுக்கு நேராகத் தெரியும். மா இளந்தண்டு ஒட்டில் தாய்மரக் குச்சியின் அடியை 4 முதல் 5 செ.மீ. நீளத்துக்கு ஆப்பு வடிவில் சீவி, வேர்ச்செடியின் பிளவுக்குள் இறக்குகிறோம். தடித்த கத்தியில் சீவினால் வெட்டுமுகம் நடுவில் குழிந்துபோகும். குழிந்த முகமும் பிளவின் முகமும் ஒன்றோடொன்று படியாது. நடுவே காற்று நிற்கும், அந்த இடம் காய்ந்து ஒட்டு போய்விடும். சரியான கத்தி ஒரே இழுப்பில் சீவும். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் வெட்டுமுகம் ஈரமாகப் பளபளக்கும், குறுக்கு வரி ஒன்றுகூட இருக்காது. வரி இருந்தால் வாயில் பல்லோ (சிறு உடைசல்) பிசிறோ இருக்கிறது என்று பொருள்.

இந்த வேலைக்கு ஒரு பக்கம் மட்டும் சரிவு போட்ட கத்தியை வாங்குங்கள். மறுபக்கம் முழுத் தட்டையாக இருக்க வேண்டும். அந்தத் தட்டைப் பக்கம் குச்சியில் படிந்து போனால்தான் முகம் சமமாக வரும். இடது கைக்காரருக்குச் சரிவு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். அதைச் சொல்லிக் கேட்டு வாங்காவிட்டால் கத்தி மரத்துக்குள் இறங்கிக்கொண்டே போகும். பழகாத கை என்று தன்னையே நொந்துகொள்கிற பலருக்குக் கையில் இருப்பது எதிர்க்கைக் கத்திதான்.

16 மி.மீ. லேட்டரல் (சொட்டுநீர்க் கிளைக்) குழாய், உரச்சாக்கு, சணல், பிளாஸ்டிக் கயிறு என்று பலதும் வெட்ட வேண்டியவருக்கு இரு பக்கச் சரிவும், முதுகு மெல்ல இறங்கி நுனியில் சேரும் வடிவமும் நல்லது. ஒயர் தோல் உரிக்கும் எலெக்ட்ரீஷியனுக்கு வாய் நேர்கோடாகவும் நுனி மழுங்கலாகவும் இருக்கும் ஆட்டுக்குளம்பு வடிவம் பாதுகாப்பு. நாள் முழுக்க அட்டைப்பெட்டி மட்டுமே என்றால் மடக்குக் கத்தியே வேண்டாம். உடைத்து உடைத்துப் போடும் கட்டர் பிளேடு மலிவு, நேரமும் மிச்சம். மறுசுழற்சி அட்டையில் கலந்திருக்கும் மண்துகள்கள் எந்த எஃகையும் அரம் போல் தேய்த்துவிடும். தேங்காய் உடைக்க, முள்வேலி கழிக்க மடக்குக் கத்தியைத் தொடவே தொடாதீர்கள். அதற்குக் கொடுவாள் இருக்கிறது.

எஃகு

இரும்பு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை பின்னோக்கிப் போகிறது என்று 2022-ல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ஆனால் இரும்பு, கூர் நிற்கும் எஃகாவது அதில் கார்பன் சேர்ந்தால்தான். கார்பன் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எப்படித் தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய கடினம் வராது. லாரியின் வில் பட்டையில் சுமார் 0.55 முதல் 0.6. பேரிங்கில் சுமார் 1. நல்ல கார்பன் கத்திகளில் 0.7 முதல் 1 வரை.

குரோமியம் துருவைத் தடுக்கிறது. அதற்கு 12 சதவீதத்துக்குப் பக்கத்தில், கார்பனோடு கட்டுப்படாமல் தனித்து நிற்கும் குரோமியம் வேண்டும். 'தனித்து' என்பதுதான் முக்கியம். டி2 என்ற எஃகில் குரோமியம் 12 சதவீதம், கார்பன் ஒன்றரை சதவீதம். அந்தக் கார்பன் குரோமியத்தில் கணிசமான பங்கைப் பிடித்துக்கொள்வதால் டி2 துருப்பிடிக்கும், மெதுவாக. ஓசூர் டூல்ரூம்களில் ஹெச்சிஹெச்சிஆர் என்று புழங்கும் டை (அச்சு) எஃகு இந்தக் குடும்பம்தான். டை செய்கிறவர்களுக்கு அதன் குணம் தெரியும்: தேயாது, பக்கவாட்டில் வளைத்தால் பொரியும்.

வாங்குகிறவர் பார்வையில் எஃகு நான்கு கூட்டம். கீழே வரும் எண்ணும் எழுத்தும் எஃகு வகைகளின் பெயர்கள்.

கார்பன் எஃகு. 1095, சி75, பிரான்ஸின் ஒப்பினெல் கத்தியில் வரும் எக்ஸ்சி90 எல்லாம் இதில் சேரும். சாதாரணக் கல்லில் ஐந்து நிமிடத்தில் கூர் ஏறும், மெல்லிய வாய் நிற்கும். ஒட்டுக் கட்டுகிறவர்களுக்கு இதைவிட இணக்கமான எஃகு கிடையாது. விலை என்னவென்றால் துரு. மாம்பாலும் புளியும் பட்ட சில நிமிடங்களில் அலகு கறுக்கும். சாம்பல் கறுப்பாகப் படியும் அந்தப் படலம் கெடுதல் இல்லை, அடுத்த துருவைத் தாமதிக்கும். செம்பழுப்பாகப் பொடி உதிர்ந்தால் அது துரு, உடனே தேய்த்து எடுங்கள்.

எளிய ஸ்டெயின்லெஸ். விக்டோரினாக்ஸின் 1.4110, ஒப்பினெல் ஐனாக்ஸின் 12சி27, 420ஹெச்சி, சீனக் கத்திகளில் வரும் 8சிஆர்13எம்ஓவி, ஸ்வீடனின் 14சி28என். பத்தில் எட்டுப் பேருக்கு இந்தக் கூட்டமே போதும். விக்டோரினாக்ஸின் கடினம் ராக்வெல் அளவில் 55-56 தான். அது குறைவு என்று சொல்லி ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த வாய் கல்லில் பட்டால் உடையாமல் மடங்கும், மடங்கியதைக் கல்லில் நாலு இழுப்பில் நிமிர்த்தலாம். வயலில் அது பெரிய வசதி. இந்தக் கூட்டத்தில் ஒன்றுதான் என்றால் எங்கள் தேர்வு 14சி28என். நைட்ரஜன் சேர்த்த எஃகு என்பதால் துருவுக்கு நன்றாகத் தாங்கும், மெல்லிசாகவும் தீட்டலாம்.

டி2 மூன்றாவது. கயிறு, சாக்கு, அட்டை அதிகம் வெட்டுகிறவருக்கு நல்லது. தீட்ட நேரம் பிடிக்கும். நுனியால் எதையும் நெம்பக் கூடாது.

நான்காவது, தூள் உலோக முறையில் செய்த விலையுயர்ந்த எஃகுகள்: எஸ்30வி, எஸ்35விஎன், எம்390, 2021-ல் வந்த மேக்னாகட். இவற்றில் இருக்கும் வனேடியம் கார்பைடு, சாதாரணச் சாணைக்கல்லின் துகளைவிடக் கடினம். அதனால் வீட்டுக் கல்லில் தேய்த்தால் கல்தான் தேயும். வைரத் தகடு இல்லாதவர் இதை வாங்கினால் ஆறு மாதம் கழித்து மொண்ணைக் கத்தியோடு நிற்பார். வைரத் தகடு இருந்து, தீட்டவும் கை பழகியிருந்தால் காசுக்கு மதிப்புண்டு.

கடையில் 'சர்ஜிக்கல் ஸ்டீல்', வெறும் '440', வெறும் 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் பொறித்திருந்தால் ஒதுங்குங்கள். 440-க்கு ஏ, பி, சி என்று மூன்று உண்டு, 1 சதவீதக் கார்பன் உள்ளது 440சி மட்டும். அலை அலையான கோடுகளோடு 'டமாஸ்கஸ்' என்று மலிவாக வருவதில் பல, மேலே லேசரில் போட்ட வெறும் படம். அலகின் முதுகைப் பாருங்கள். கோடுகள் முதுகிலும் தொடர்ந்தால் அடுக்கு எஃகு, முதுகு மொழுமொழுவென்றிருந்தால் படம்.

உள்ளூர்க் கொல்லுப்பட்டறையில் பட்டையை அடித்துச் செய்து தரும் கத்தியைக் குறைவாக நினைக்க வேண்டாம். பட்டை எஃகு நல்ல எஃகு, மோதலுக்குத் தாங்கும். கார்பன் குறைவு என்பதால் கூர் சீக்கிரம் போகும், அவ்வளவுதான். பழைய பவர் ஹாக்சா பிளேடில் செய்ததென்றால் ஒன்று கேளுங்கள்: முழுவதும் ஹைஸ்பீடு எஃகா (சூட்டிலும் கடினம் போகாத எஃகு), பல் மட்டுமா? பல் மட்டும் ஹைஸ்பீடாக இருக்கும் பிளேடில் பல்லைத் தேய்த்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் முதுகெஃகு.

பதம் சோதிப்பது

இதைக் கடையில் செய்ய விடமாட்டார்கள், வாங்கிய அன்றே வீட்டில் செய்யுங்கள். 6 மி.மீ. பித்தளைக் கம்பி ஒன்றை மேசையில் அசையாமல் வையுங்கள். கத்தியின் வாயை அதன்மேல் சுமார் 15 டிகிரி சாய்த்து, வாயின் சரிவு கம்பியில் படும்படி வைத்து மெதுவாக அழுத்துங்கள். வெளிச்சம் எதிரே இருக்கட்டும். அழுத்தும்போது வாய் மயிரிழை வளைந்து தெரியும். அழுத்தத்தை எடுத்ததும் நேராகிவிட்டால் பதம் சரி. வளைந்தபடியே நின்றால் மெத்தென்ற கத்தி. துணுக்கு உதிர்ந்தால் பதம் முறுகிவிட்டது. வளைந்தோ உதிர்ந்தோ போனால், இரண்டு மூன்று முறை நன்றாகத் தீட்டிய பிறகு மறுபடி சோதியுங்கள். தொழிற்சாலைத் தீட்டலில் மேல்வாய் மட்டும் சூட்டில் கெட்டிருப்பது சகஜம், உள்ளே எஃகு நன்றாக இருக்கலாம்.

பதம் கெடுவது பெரும்பாலும் வாங்கிய பிறகுதான். சைக்கிளில் வரும் சாணைக்காரரின் உலர் சக்கரத்தில் தீப்பொறி பறக்கத் தேய்க்கும்போது மெல்லிய வாய் நொடியில் சூடேறும். கார்பன் கத்திகளுக்குப் பதம் ஏற்றும் சூடு பொதுவாக 200 டிகிரியை ஒட்டியது. வாயில் வைக்கோல் நிறம் தெரிந்தால் அதைத் தாண்டிவிட்டது. நீலம் தெரிந்தால் 300-ஐ நெருங்கிவிட்டது, அந்த இடம் இனி கூர் நிற்காது. நீலம் போகும் வரை கல்லில் கையால் தேய்த்து எடுப்பது ஒன்றே வழி. அரிவாளுக்குச் சாணை பிடிக்கலாம், மடக்குக் கத்தியைச் சக்கரத்துக்குக் கொடுக்காதீர்கள்.

பூட்டும் பிடியும்

பூட்டில்லாத கத்தியில் வில்லின் இழுவை மட்டுமே அலகை நிறுத்துகிறது. இழுத்து வெட்ட மட்டும் அது போதும். குத்தும் வேலை, தள்ளி அறுக்கும் வேலை இருந்தால் பூட்டு கட்டாயம், இல்லையென்றால் அலகு விரல்மேல் மடங்கும். லைனர் லாக்கில் பக்கத் தகடு அலகின் அடியைத் தாங்குகிறது. திறந்து பார்க்கும்போது தகடு அலகின் அடியில் கால் பங்குக்கு மேல், பாதிக்குள் ஏறியிருக்க வேண்டும். விளிம்பில் தொட்டுக்கொண்டு மட்டும் நின்றால் வேண்டாம். அதை மூட விரலை அலகின் பாதையில் வைக்க வேண்டியிருக்கும், கையுறையோடு வேலை செய்கிறவருக்குச் சிரமம். முதுகில் அழுத்திப் பூட்டை விடுவிக்கும் பேக் லாக் சேற்றுக் கைக்கு நல்லது, ஆனால் அதன் பள்ளத்தில் மண் அடைந்தால் பூட்டு முழுதாக இறங்காது. ஒப்பினெலின் சுழல் வளையம் எளிமையானது. அதன் மரப்பிடி மழையில் ஊறினால் அலகு திறக்க வராது, ஒகேனக்கல் ஓரத்து ஈர வேலைக்கு அது ஒத்துவராது.

கடையில் கையில் எடுத்ததும் இவ்வளவு பாருங்கள். மூடிய நிலையில் அலகு இரு பக்கத் தகடுக்கும் நடுவே நிற்கிறதா, வாய் அடியில் எங்கும் உரசுகிறதா. திறந்து, அலகைப் பக்கவாட்டிலும் மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் இருக்கிறதா. பக்கவாட்டு ஆட்டம் திருகை முறுக்கினால் போகலாம், மேல்கீழ் ஆட்டம் பூட்டின் குறை, திருத்த முடியாது. விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கிவிட்டு, முதுகை மேசை விளிம்பில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். நழுவினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஓங்கித் தட்டிப் பார்ப்பது தவறு, நல்ல பூட்டும் அதில் கெடும். கடைசியாக வாயை விளக்குக்கு நேரே பிடியுங்கள். கூரான வாய் ஒளியைத் திருப்பாது. எங்காவது வெள்ளைப் புள்ளி மின்னினால் அங்கே மொண்ணை அல்லது பல்.

பிடி ஆரஞ்சு, சிவப்பு என்று எடுப்பான நிறத்தில் இருக்கட்டும். பச்சைப் பிடியும் கறுப்புப் பிடியும் மல்பெரி வரப்பில் விழுந்தால் கிடைக்காது. வெறும் எஃகுப் பிடி சித்திரை வெயிலில் சுடும், மாம்பால் பட்டால் வழுக்கும். நைலான் அல்லது ஜி10 (கண்ணாடியிழைத் தகடு) சொரசொரப்பான பிடி நல்லது.

சட்டம் பற்றிச் சுருக்கமாக: ஆயுத விதிகள் 2016-ன் பட்டியலில் வரும் கத்திகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ளவை. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. நாம் பேசும் அளவு அதற்கு வெகு கீழே. ஆனாலும் பட்டனைத் தட்டினால் தானாகப் பாயும் கத்தி வேலைக்குத் தேவையில்லை, வாங்காதீர்கள். வேலை இடத்துக்கு வெளியே இடுப்பில் தெரியச் செருகிப் போவதும் வேண்டாம்.

தீட்டுவது

400 மற்றும் 1000 துகள் உள்ள இருபக்க வைரத் தகடு ஒன்று எல்லா எஃகுக்கும் ஆகும். அது இல்லாவிட்டால் ஹார்டுவேர் கடையின் இருபக்கக் கார்பொரண்டம் கல், முதல் இரண்டு கூட்டத்து எஃகுகளுக்குப் போதும். கல் நடுவில் குழிந்திருந்தால் கூர் வராது. அதைச் சமன் செய்ய, பாலிஷ் போட்ட கிரானைட் துண்டு ஒன்று போதும். கிருஷ்ணகிரி, பர்கூர்ப் பக்கம் அது கிடைப்பதற்கு என்ன பஞ்சம்? அதன்மேல் 120 எண் வாட்டர் பேப்பரை நனைத்து ஒட்டி, கல்லில் பென்சிலால் குறுக்குக் கோடுகள் போட்டுத் தேயுங்கள். கோடு முழுக்க அழிந்தால் கல் சமம்.

கோணம் பிடிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 22 மி.மீ. அகல அலகுக்கு, முதுகு கல்லிலிருந்து ஏழரை மி.மீ. எழுந்தால் 20 டிகிரி, ஆறுக்குச் சற்றுக் குறைவாக எழுந்தால் 15 டிகிரி. குழாய், கயிறு, சாக்கு வேலைக்குப் பக்கத்துக்கு 20. மெல்லிய வேலைக்கு 15. சரிவு முழுக்க மார்க்கர் மை பூசி இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். வாய் ஓரத்தில் மட்டும் மை போனால் முதுகு உயரமாக இருக்கிறது. சரிவின் மேல் பகுதியில் மட்டும் போனால் தாழ்வு. முழுதும் போனால் அந்தக் கோணத்திலேயே கையை நிறுத்துங்கள்.

ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே போனால் மறுபக்க வாயில் பிசிறு எழும். கட்டைவிரல் நுனியை முதுகிலிருந்து வாய்க்கு வெளியே, குறுக்காக வருடினால் தட்டுப்படும். குதியிலிருந்து (பிடியை ஒட்டிய முனை) நுனி வரை முழு நீளத்துக்கும் பிசிறு எழாமல் பக்கம் மாற்றக் கூடாது. "தீட்டியும் வெட்டவில்லை" என்பதற்குப் பத்தில் ஒன்பது முறை இதுதான் காரணம். மறுபக்கமும் பிசிறு எழுந்ததும் அழுத்தத்தைக் குறைத்துப் பக்கத்துக்கு ஐந்து, மூன்று, ஒன்று என்று மாற்றி மாற்றி இழுத்து, கடைசியில் பச்சைப் பாலிஷ் தடவிய தோல்வாரில் முதுகு முன்னே போகும்படி பத்துப் பத்து முறை இழுங்கள். ஒருபக்கச் சரிவுக் கத்தியில் தட்டைப் பக்கத்தைக் கல்லில் முழுதாகப் படியவைத்துப் பிசிறை மட்டும் எடுக்க வேண்டும். அங்கே சிறிது தூக்கிவிட்டாலும் தட்டை போய்விடும்.

கயிறும் சாக்கும் வெட்டுகிறவர் 400-லேயே நிறுத்திக்கொள்ளலாம். வாயில் கண்ணுக்குத் தெரியாத பல் இருக்கும், அது நாரைப் பிடித்து அறுக்கும். மிக நைசாகத் தீட்டிய வாய் பிளாஸ்டிக் கயிற்றில் வழுக்கும். ஒட்டுக் கட்டுகிறவருக்கு இது தலைகீழ், 1000-க்கு மேலே போய்த் தோல்வாரில் முடித்தால்தான் சரி. அரம்பப் பல் வைத்த கத்தியைத் தட்டைக் கல்லில் தீட்ட முடியாது என்பதால் நாங்கள் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

துடைப்பதும் எண்ணெயும்

மாம்பால் தண்ணீரில் போகாது. ஸ்பிரிட் அல்லது மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துப் பிறகு சோப்பில் கழுவுங்கள். கன்றுக்குக் கன்று நோய் பரவாமல் இருக்கவும் ஸ்பிரிட்டே நல்லது. ரோஜாவின் கழலை நோய் கத்தி வழியாகப் பரவும். பிளீச்சிங் கரைசலில் முக்கினால் கார்பன் எஃகு துருவேறும், ஸ்டெயின்லெஸ்ஸிலும் குழி விழும். பொட்டாஷ் உரமும் அப்படித்தான், அதில் இருப்பது குளோரைடு. உரச்சாக்கு அறுத்த கத்தியைத் துடைக்காமல் மடக்கி வைத்தால் ஒரு வாரத்தில் அச்சுப் பக்கம் புள்ளி புள்ளியாகக் குழி தெரியும்.

அச்சுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவது பலருக்கும் பழக்கம். அது 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழியில் தளி, ஓசூர்ப் பக்கம் காலையில் கத்தி திறக்காமல் முரண்டு பிடிப்பதற்கு இதுதான் காரணம். நாளாக நாளாக அது பிசினாகவும் மாறும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். பழம் நறுக்கவும் அதே கத்தி என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின். விட்டு, பத்து முறை திறந்து மூடி, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். ஈர எண்ணெய் மண்ணை இழுக்கும். அச்சுத் திருகு அடிக்கடி தளர்ந்தால் கழற்றி, எண்ணெய் போகத் துடைத்து, நீல நிறத் திருகுப் பசை துளியளவு வைத்து முறுக்குங்கள். அலகு தன் எடையில் பாதி வழி இறங்கும் அளவுக்கு முறுக்கினால் போதும். ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டு மறுநாள் வேலைக்கு எடுங்கள்.